ஷட்டர் வைத்த டி.வி.

அன்று ஞாயிற்றுக்கிழமை. சர்ச்சிலிருந்து வந்து, புடவையைக்கூட மாற்றாமல் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். போனில் ஒரு போட்டோ வந்தது. புதுவாயல் காயலாங்கடைக்காரர் அனுப்பியிருந்தார். கை ஆடியதில் படம் கலங்கியிருந்தது. ஆனாலும் நான்கு மரக்கால்கள் தெரிந்தன. திரைக்கு முன்னால் இரண்டு பக்கமும் இழுத்து மூடுகிற மர ஷட்டர் தெரிந்தது. நாற்பது வருஷத்துக்கு முந்தைய கறுப்பு வெள்ளை டி.வி. அதில் ஒன்றைத்தான் ஆறு வருஷமாகத் தேடிக்கொண்டிருந்தேன்.

கையைத் துடைத்துக்கொண்டு ஸ்கூட்டி சாவியை எடுத்தேன்.

"மீன யாரு வறுக்கறது?" என்றார் வீட்டுக்காரர்.

"நீயே வறுத்துக்கோயா. பத்து நிமிஷத்துல வந்துர்றேன்."

"நீ பத்து நிமிஷம்னா, பொழுது சாஞ்சிதான் வருவ" என்றார். அவர் சொன்னதுதான் நடந்தது.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் டிரான்ஸ்ஃபார்மர் செய்யும் கம்பெனி ஒன்றில் கம்பி சுற்றுகிறேன். சேர்ந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. எட்டு மணி நேரம் ஒரே நாற்காலி. கை மட்டும் ஓடும், சுற்று எண்ணிக்கையை மனம் எண்ணும், இடுப்புக்குக் கீழே உடம்பு இருப்பதே மறந்துபோகும். ஷிஃப்ட் முடிந்து எழுந்தால் எங்கேயாவது போயாக வேண்டும்போல் இருக்கும். எங்கே என்று தெரியாது. என்னோடு வேலை செய்கிற பெண்கள் வீட்டுக்குப் போய்ப் படுக்கிறார்கள். எனக்குப் படுத்தால் கால் ஆடுகிறது.

ஒருமுறை பழைய டி.வி. ஒன்றை, உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் எப்படிச் சுற்றியிருக்கிறார்கள் என்று பார்ப்பதற்காகத்தான் வாங்கி வந்தேன். பிரிப்பதற்கு முன் சும்மா கரண்ட் கொடுத்துப் பார்த்தேன். திரையின் நடுவில் ஒரு வெள்ளைக் கோடு வந்தது. அந்தக் கோட்டை முழுப் படமாக விரிய வைக்க எனக்கு மூன்று மாதம் ஆனது. அன்றிலிருந்து இந்தப் பைத்தியம். கவரைப்பேட்டையில் எங்கள் முன்னறையில் ஒன்பது செட்டுகள் சேர்ந்துவிட்டன. மகள் படிக்கிற மேஜைகூட ஒரு செட்டின் தலைதான். ஒன்று கிடைத்து, சரிசெய்து, படம் வந்துவிட்டால் ஒரு வாரம் நிம்மதியாக இருப்பேன். அப்புறம் மறுபடியும் கால் ஆட ஆரம்பித்துவிடும்.

புதுவாயல் கடைக்குப் போய்ச் சேர்ந்தபோது காயலாங்கடைக்காரர் வாசலிலேயே நின்றார். என் முகத்தைப் பார்க்காமல் தராசைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யக்கா, கோச்சிக்காத. போட்டோ அனுப்ச்சிட்டு டீ குடிக்கப் போனேன். நம்மாளு அதுக்குள்ள காப்பர் எட்த்துட்டான்."

டி.வி.யின் பின்மூடி கழற்றிக் கிடந்தது. படக்குழாயின் கழுத்தை உடைத்து, அதைச் சுற்றியிருந்த செம்புக் கம்பிச் சுருளை உருவியிருந்தார்கள். செம்புக்கு உடனே விலை கிடைக்கும், கண்ணாடிக்கு ஒன்றும் கிடைக்காது. எத்தனையோ செட்டுகளை இப்படிப் பார்த்திருக்கிறேன். ஆனாலும் இது ஷட்டர் வைத்தது. மரம் ஒரு இடத்திலும் உப்பவில்லை. மற்ற பாகங்கள் எல்லாம் உள்ளே தகரத் தட்டிலேயே இருந்தன. இரண்டு நிமிஷம் முன்னால் மீனைப் போட்டுவிட்டு வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம். பக்கத்தில் கிடந்த லாரி டயர்மேல் உட்கார்ந்துவிட்டேன்.

"இன்னாக்கா, சாவு ஊட்ல குந்திகினுகீற மாரி குந்திகினுகீற?" என்றார் அவர். பாவமாகத்தான் கேட்டார். பிறகு, என்னைத் தேற்றுவதற்கென்றே சொன்னார். "இத்த திருப்பாச்சூர்ல எட்த்தோம். அந்த ஊட்டம்மா சொல்லிச்சி, பக்கத்து ஊட்லயும் இதே மாரி ஒண்ணு கீதாம். அச்சா இதேதானாம்."

நான் எழுந்துவிட்டேன். இந்தப் பெட்டியில் இனி யாரும் கைவைக்கக் கூடாது என்று சொல்லி, ஒரு சாக்கை எடுத்து மூடிவிட்டு, அப்படியே பெரியபாளையம் ரோட்டில் வண்டியைத் திருப்பினேன். பெரியபாளையத்தில் கோயில் கூட்டம் ரோட்டை அடைத்துக்கொண்டிருந்தது. வேன்களுக்கு நடுவில் நகர முடியவில்லை. நான் என்ஜினை அணைக்கவே இல்லை. இந்த நேரத்தில் திருப்பாச்சூர் வீட்டுக்குள் வேறு ஒரு காயலாங்கடைக்காரர் நுழைந்துகொண்டிருப்பார் என்றே தோன்றியது. வீட்டுக்காரர் இரண்டு முறை கூப்பிட்டார். எடுக்கவில்லை.

திருப்பாச்சூரில் அந்த வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. பெரிய ஓட்டு வீடு. அதன் நடுவில் பின்னால் எழுப்பிய ஒரு சுவர், வாசலில் தொடங்கிக் கூரைவரை போயிருந்தது. இடது பக்கம் பூட்டியிருந்தது. வலது பக்க வாசலில் எண்பது வயதைத் தாண்டிய ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வயல் வைத்திருக்கிற குடும்பம் என்பது முற்றத்தில் அடுக்கியிருந்த நெல் மூட்டைகளிலேயே தெரிந்தது.

பழைய டி.வி. சேர்க்கிறேன், பார்க்க வந்தேன் என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"எந்த ஊரு நீ? யாரு ஊட்டுப் பொண்ணு?"

அந்தக் கேள்வி எதை அளப்பதற்கு என்று எனக்குத் தெரியும். என் அப்பாவும் அம்மாவும் இப்படிப்பட்டவர்களின் வயலில்தான் நாற்று நட்டார்கள். "கவரப்பேட்ட. கம்பெனில வேல செய்றேன்" என்று மட்டும் சொன்னேன். அவர் நாற்காலிக் கையை ஊன்றி எழுந்து, "உள்ள வா" என்றார்.

கூடத்தில் சுவரோரமாக அது நின்றது. மேலே பூப்போட்ட துணி, அதன்மேல் பிளாஸ்டிக் ரோஜா. அவர் மனைவி ஷட்டரை இழுத்துத் திறந்தார். உள்ளே திரையை மறைத்துக் கல்யாணப் பத்திரிகைகளைச் செருகி வைத்திருந்தார்கள். அவற்றை ஒவ்வொன்றாக அந்த அம்மா எடுக்க எடுக்க, எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கடைசிப் பத்திரிகையும் போனதும் திரை முழுசாக, கீறல் இல்லாமல், சாம்பல் நிறத்தில் தெரிந்தது. சேனல் குமிழைத் திருப்பினேன். டக் டக்கென்று நின்று நின்று சுழன்றது.

"ஓடுமாய்யா?"

"ஓடி முப்பது வருஷம் ஆவுது. ரிப்பேர்காரன் பார்ட்டு கெடைக்கலன்ட்டான்."

"நான் வாங்கிக்கிறேன்."

"விக்கறதுக்கு இல்ல."

எத்தனையோ வீடுகளில் இதைக் கேட்டிருக்கிறேன். பேசிப் பேசிக் கரைப்பதும் எனக்குப் பழக்கம்தான். ஆனால் அன்று உடைந்த கண்ணாடி கண்ணிலேயே நின்றதால், நிதானம் தவறி வாயை விட்டேன். "பக்கத்து ஊட்டு டி.வி. மாரி இதையும் காயலாங்கடையில போட்டு ஒடச்சிடப் போறாங்கய்யா. அது இப்ப புதுவாயல்ல கெடக்குது."

அவர் முகம் மாறியது. "எது? தம்பி ஊட்டு டி.வி.யா?"

அந்த அம்மா பத்திரிகைக் கட்டோடு அப்படியே நின்றார். எனக்கு அப்போதுதான் புரிந்தது, இவர்களுக்குத் தெரியாது என்று. சுவருக்கு அந்தப் பக்கம் நடந்ததை நாற்பது கிலோமீட்டர் தள்ளியிருந்து வந்து நான் சொல்லியிருக்கிறேன்.

அண்ணனும் தம்பியும் பாகம் பிரித்த நாளிலிருந்து பேசவில்லை. தம்பி போன வருஷம் இறந்துவிட்டார். இப்போது அந்தப் பக்கத்தில் இருப்பது அவர் மனைவி மட்டும். இதையெல்லாம் பெரியவர் நாற்காலியில் உட்கார்ந்து, டி.வி.யைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"நான் பட்டணம் போயி இத்த வாங்கியாந்தேன். மறாநாளே அவன் போனான். அதே கடை, அதே பொட்டி. கடக்காரன் வேற கலர் இருக்குதுன்னானாம். வேணாம், எங்க அண்ணன் எட்த்துகினு போனதே குடுன்னானாம். என்னவிட ஒண்ணு கம்மின்னாலும் அவனுக்குத் தூக்கம் வராது. எனக்கும்தான்."

"சத்தம் வெக்கறதுலகூடப் போட்டி" என்றார் அந்த அம்மா. "இவரு ஏத்துவாரு, அவரு இன்னும் ஏத்துவாரு. ரெண்டு ஊட்லயும் ஒரே நூஸுதான் ஓடும். நாங்க ரெண்டு பேரும் காதப் பொத்திகினு தோட்டத்துல ஒக்காந்திருப்போம்."

"அவன் செத்தப்ப உள்ள போனேன்" என்றார் பெரியவர். "கூடத்துல படுக்க வெச்சிருந்தாங்க. பக்கத்துல அந்த டி.வி. நின்னுச்சி. அவன் மூஞ்சியப் பாக்க முடியல. டி.வி.யவே பாத்துகினு ஒக்காந்துட்டு வந்துட்டேன்."

பிறகு அவர் கேட்டார், "அத்த இங்க எட்த்தாற முடியுமா?"

"படக்குழா ஒடஞ்சிபோச்சிய்யா."

"ஒடஞ்சா இன்னா. எட்த்தா."

அந்த இடத்தில் நான் கேட்டதை நினைத்தால் இன்றும் கூசுகிறது. "எட்த்தாந்தா இத்த எனக்குக் குடுப்பீங்களா?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "ஓடாத பொட்டிதான. எட்த்துகினு போ."

அடுத்த ஆறு நாளும் நான் நாற்காலியில் இருந்தேனே தவிர, வேலையில் இல்லை. சுற்று எண்ணிக்கை தவறி ஒரே நாளில் இரண்டு காயில்களைப் பிரிக்க வேண்டியதாயிற்று. சூப்பர்வைசர் உடம்பு சரியில்லையா என்று கேட்டார். சாப்பாட்டு இடைவேளை தவறாமல் புதுவாயலுக்குப் போன் போட்டேன். "யக்கா, உன் பொட்டிக்கு நான் காவல் காத்துகினுகீறேன், பேஜாரு பண்ணாத" என்றார் கடைக்காரர். அவரே குட்டியானை வண்டி ஒன்றையும் பேசிக் கொடுத்தார். அடுத்த ஞாயிறு சர்ச்சுக்குப் போகவில்லை. பெட்டியை ஏற்றி, மெத்தை விரிப்பைச் சுற்றிக் கட்டி, டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கருக்கும் அவரைத் திட்டிக்கொண்டே போனேன்.

இறக்கும்போது இடது பக்க வாசல் திறந்தது. தம்பியின் மனைவி வந்து நின்றார். எழுபது வயதிருக்கும். பெட்டியைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்.

"இன்னாத்துக்கும்மா இத்த திரும்ப எட்த்தாந்த? எலி குடும்பம் நடத்திகினு இருந்துச்சி உள்ள. நிம்மதியா அனுப்ச்சேன்."

பெரியவர் அந்த அம்மாவைப் பார்க்கவில்லை. பெட்டியின் பக்கவாட்டைத் தடவினார். கூடத்துக்குள் கொண்டுபோய்த் தன் டி.வி.க்குப் பக்கத்தில் வைக்கச் சொன்னார். இரண்டும் அடுத்தடுத்து நின்றன. அவர் நெடுநேரம் பார்த்துவிட்டு, நான் எதிர்பார்க்காததைக் கேட்டார்.

"அவன் பொட்டில கீற பார்ட்ட என் பொட்டில போட்டா ஓடுமா?"

ஓடாது என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் வெளியே நின்ற வண்டியிலேயே அவர் பெட்டியை ஏற்றிக்கொண்டு போயிருப்பேன். அவர் நம்பியிருப்பார், அந்த ஊரில் வேறு யாருக்கும் தெரியாது. சொல்லலாமா என்று யோசிக்கவும் செய்தேன். யோசித்தபடியே, சும்மா பார்க்கலாம் என்று அவர் செட்டின் பின்மூடியைக் கழற்றினேன். படக்குழாய்க்கு உயர் மின்சாரம் கொடுக்கிற டிரான்ஸ்ஃபார்மர் உருகி மெழுகாக வழிந்திருந்தது. தம்பியின் செட்டில் அதே டிரான்ஸ்ஃபார்மர் தூசி படிந்து முழுசாக இருந்தது. அதை நான் ஊதித் துடைத்தேன். சுற்று வரிசை வரிசையாக, ஒரு கம்பிமேல் இன்னொன்று ஏறாமல் இருந்தது. யாருடையதோ ஒரு நல்ல கை சுற்றியது. அதன்பிறகு பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"ஓடலாம்யா" என்றேன்.

இரண்டு ஞாயிறு பிடித்தது. டிரான்ஸ்ஃபார்மரை மாற்றினேன். வீங்கிப்போன கண்டென்சர்களை எடுத்துவிட்டுப் புதிது போட்டேன். கண்ணாடிக் குழல் வால்வுகளில் இரண்டு தம்பி செட்டிலிருந்து வந்தன. அதில் மிச்சமிருந்த தட்டையும் உடைந்த குழாயையும் கழற்றி, பின்னால் வேண்டியிருக்குமென்று அங்கேயே வைத்தேன். இந்த மாதிரி டி.வி.க்கு ஆன்டெனா வழியாக வந்துகொண்டிருந்த ஒளிபரப்பு இப்போது இல்லை என்பதால், கேபிள்காரர்கள் தூக்கிப்போட்ட மாடுலேட்டர் ஒன்றைக் கொண்டுபோனேன். செட்டாப் பாக்ஸில் வருவதை இந்தப் பழைய டி.வி.க்குப் புரிகிற அலையாக அது மாற்றித் தரும். பெரியவரின் மனைவி முதல் வாரம் எனக்குத் தண்ணீரை, அவர்கள் வீட்டு டம்ளரில் இல்லாமல், பாட்டிலில் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். இரண்டாம் வாரம், "நாஷ்டா சாப்டியா?" என்று கேட்டு, நான் பதில் சொல்வதற்குள் அடுப்பில் தோசைக்கல்லைப் போட்டார்.

முதலில் கரண்ட் வருகிற வழியில் குண்டு பல்பு ஒன்றை மாட்டிச் சுவிட்சைப் போட்டேன். உள்ளே எங்காவது ஷார்ட் இருந்தால் பல்பு பளீரென்று எரியும். செட் நல்லபடியாக இருந்தால் எரிந்துவிட்டு மங்கும். எரிந்தது. நான் சுவிட்சிலிருந்து விரலை எடுக்காமல் நின்றேன். மெதுவாக மங்கியது. வால்வுகளில் ஆரஞ்சு வெளிச்சம் ஊறியது. சூடான தூசி வாசம் கூடம் முழுக்கப் பரவியது. முதலில் இரைச்சல், அப்புறம் திரையில் புள்ளி புள்ளியாக மழை. குமிழைத் திருப்பியதும் செய்தி வாசிக்கிற பெண்ணின் முகம், நெற்றி நீண்டு, தாடை சுருங்கி வந்தது. பின்னால் கைவிட்டுச் சரிசெய்தேன். முகம் முகமானது.

பெரியவரின் மனைவி கைதட்டிவிட்டார். பெரியவர் எழுந்து வந்து, நாற்காலியைத் திரைக்கு முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சத்தம் கேட்டுத் தம்பியின் மனைவி வாசல்வரை வந்து, உள்ளே வராமல், நிலையைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்.

"எங்க ஊட்டுது இத்தவிட நல்லாத் தெரியும்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. பெரியவர் திரும்பவில்லை. திரையைப் பார்த்தபடியே, டி.வி.யிடம் சொல்வதுபோலச் சொன்னார். "உள்ள ஓடறதே அவுங்க ஊட்டு சாமான்தான். நல்லாத்தான் தெரியும்."

பாகம் பிரித்ததற்குப் பிறகு அந்தப் பக்கத்துக்கு அவர் சொன்ன முதல் பதில் அது என்று அவர் மனைவி பிறகு என்னிடம் சொன்னார்.

முன்பே சொல்லிவைத்திருந்த வண்டிக்காரர் வந்து, "எத ஏத்தறது மேடம்?" என்று கேட்டார். நான் பெரியவரைப் பார்த்தேன். அவர் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். கேட்காததுபோல இருந்தாரா, உண்மையிலேயே கேட்கவில்லையா, தெரியாது. அவர் மனைவிதான் என் அருகே வந்து தயங்கிச் சொன்னார். "இப்ப ஓடுதேம்மா..."

காலிப் பெட்டியை ஏற்றச் சொன்னேன்.

வழியெல்லாம் எனக்கு ஆத்திரம். வெங்கல் தாண்டும்வரை அவரைத் திட்டினேன், பிறகு என்னையே திட்டிக்கொண்டேன். வீட்டில் இறக்கியதும் வீட்டுக்காரர் ஷட்டரைத் திறந்து உள்ளே பார்த்தார். முன்பக்கம் பார்த்தால் பின்சுவர் தெரிந்தது.

"ஒரு மாசம் அலஞ்சி வெறும் பொட்டிய எட்த்துகினு வந்துகீற?" என்று சிரிக்க ஆரம்பித்தவர், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். பிறகு துடைப்பத்தை எடுத்து வந்து, பெட்டியின் மூலையில் இருந்த எலிக் கூட்டைக் கூட்டி எடுத்தார்.

மூன்று வாரம் கழித்துப் பெரியவர் போன் செய்தார். படம் மேலே மேலே உருள்கிறதாம். போனேன். ஒரு குமிழைத் தொட்டாலே நிற்கிற சின்ன வேலை. கிளம்பும்போது அவர் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"நான் போனப்பறம் நீதான் இத்த எட்த்துகினு போவணும். பசங்கக்கிட்ட சொல்லிட்டேன்."

சரி என்று தலையாட்டினேன். சந்தோஷமாகக்கூட இருந்தது. திருவள்ளூர் தாண்டி வரும்போதுதான் உறைத்தது: பேசிக்கொண்டிருந்த நேரமெல்லாம் நான் அவருடைய கால்களைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். போனமுறையைவிட வீங்கியிருக்கிறதா என்று. வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டேன். அலைகிற பழக்கம் என்னை எங்கே கொண்டுவந்து விட்டிருக்கிறது என்று பயமாக இருந்தது. ஒரு மனிதரின் வீட்டுக்குள் போய், தோசை சாப்பிட்டுவிட்டு, அவர் எப்போது போவார் என்று கணக்குப் போட்டுக்கொண்டு வருகிறேன்.

அடுத்தமுறை போனதும் முதல் வேலையாகச் சொன்னேன். "எனக்கு வேணாம்யா. தம்பி ஊட்டம்மாவுக்கே குடுத்துடுங்க."

"அவளா? மறாநாளே தூக்கிப் போட்டுடுவா" என்றார்.

"போட்டா இன்னா?" என்றார் தம்பியின் மனைவி. அவர் அப்போது கூடத்துக்குள் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். "எலிக்குப் பொறந்த ஊடு, எனக்கு வேணாம்."

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை இன்னும் போகிறேன். பழைய செட், ஏதாவது ஒரு பற்றவைப்பு விட்டுக்கொண்டே இருக்கும். பெரியவர் நன்றாக இருக்கிறார். அவர் காலை நான் பார்ப்பதில்லை. பார்க்காமல் இருப்பதற்கு முயற்சி செய்ய வேண்டியிருக்கிறது என்பதும் உண்மை.

போன ஞாயிறு, வேலை முடிந்து பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றேன். மூன்று பேரும் மத்தியானப் படம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஊத்துக்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்து அறையில் பூட்டுப் போட்ட டி.வி. ஒன்று இருப்பதாகக் காலையில் கேள்விப்பட்டிருந்தேன். ஒரு கால் வாசலில் இருந்தது.

"இன்னாத்துக்கு நின்னுகினே கீற? ஒக்காரு" என்று பெரியவரின் மனைவி பாயை நகர்த்தினார்.

உட்கார்ந்தேன். பத்து நிமிஷம் இருக்கும். படத்தில் யாரோ அழுதார்கள், யாரோ சமாதானம் செய்தார்கள். பிறகு சொல்லிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.